காயாங்கன்று: நான்கு வருடமாகியும் பூக்கவில்லை

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில்காட்டில் பொறுக்கிய, காயா என்னும் சிறுமரத்தின் பழவிதை முளைத்தது. நான்கு வருடமாகியும் என் இடுப்பைத் தாண்டவில்லை, பூவும் இல்லை. போன மாதம் உரத்தை அள்ளிப் போட்டேன். இலை நுனி கருகியதுதான் மிச்சம். பிடுங்கிவிடலாமா?

பதில் 1: ஐயோ, வேண்டாம்! காயா ஆமை வேகத்தில்தான் வளரும். உரத்தை நிறுத்திவிட்டு அடியில் சருகைப் பரப்புங்கள்.

பதில் 2: எங்கள் வீட்டில் எட்டாம் வருடம்தான் பூத்தது. இலையிடுக்கிலும் பழைய கிளையிலும் கொத்துக்கொத்தாக நீலம். கண்ணனைக் காயாம்பூ வண்ணன் என்றது அன்றுதான் விளங்கியது. பழம் நன்றாகக் கறுத்த பிறகு தின்னுங்கள். அதற்கு முன் வாயில் வைத்தால் ஒரே துவர்ப்பு.

கேட்டவர்: சரி, பிடுங்கவில்லை. பழத்துக்குப் பேரன் இப்போதே காத்திருக்கிறான். பறவைகள் விட்டுவைத்தால்தானே!