பைலட் ஜெட்டுக்குத் தமிழ் (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

ஸ்காபரோ (கனடா), செவ்வாய் இரவு

எங்கட கலைச்சொல் மடற்குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

வாற சனிக்கிழமை எங்கட சமூக மண்டபத்தில் ஒரு சின்ன வகுப்பு எடுக்கிறேன். குளிர்காலம் முழுக்கக் கராஜில் கிடந்த பழைய மோட்டார் சைக்கிளைத் திரும்ப எப்படி ஓட வைப்பது என்பதுதான் பாடம். வருகிறவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள், ஆங்கிலக் கையேட்டோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவர்கள். இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு வெள்ளி பின்னேரம் அச்சுக்குப் போகவேண்டும்.

காட்டப்போவது என்ர வண்டியைத்தான். 1974 ஹோண்டா சிபி 750, நாலு சிலிண்டருக்கு நாலு கார்புரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கருவி). நவம்பரில் பெற்றோலை வடிக்காமல் மூடி வைத்தேன். சோம்பல், வேறொன்றுமில்லை. ஐந்து மாதத்தில் லேசான கூறுகள் ஆவியாகி, மிஞ்சியது கார்புரேட்டர்த் தொட்டியின் அடியில் பழுப்பாகப் பிடித்துவிட்டது. மணம் வார்னிஷ் மாதிரி. எத்தனோல் கலந்த பெற்றோல் என்பதால் ஈரமும் ஏறியிருக்கிறது. இப்ப சோக்கை (குளிரில் எஞ்சினைத் தொடங்கப் பெற்றோல் விகிதத்தைக் கூட்டும் பிடி) இழுத்தால் வண்டி ஓடும், தள்ளினால் நின்றுவிடும். அப்படியென்றால் பைலட் ஜெட் அடைப்பு, அதாவது வண்டி நின்று ஓடும்போது பெற்றோலை அளந்து விடும் பித்தளைத் துண்டின் துளை அடைத்துவிட்டது. அதில் 40 என்று பொறித்திருக்கும், துளை 0.4 மில்லிமீட்டர். தலைமயிர் ஐந்தாறைப் பக்கம் பக்கமாக வைத்த அகலம், அவ்வளவுதான்.

குறிப்பை ஒரு தம்பி கணினியில் போட்டு மொழிபெயர்த்துத் தந்தார். 'பைலட் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யவும்' என்ற வரி, 'விமானியின் ஜெட் விமானத்தை அகற்றிக் கழுவவும்' என்று வந்திருக்கிறது. சிரித்து முடித்தபிறகுதான் எனக்கும் சொல் தெரியாது என்பது உறைத்தது. பைலட் ஜெட், மெயின் ஜெட் இரண்டுக்கும் உதவுங்கள்.

கோவை, புதன் காலை

வணக்கமுங்க அண்ணா. ஜெட்டுக்கு ஜெட்டுன்னே போடுங்க. இருபது வருசமா பட்டறை வச்சிருக்கேன், யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியோட வர்றவங்க யாரும் தாரை, பீரைன்னு சொல்லிக் கேட்டதில்லை. பைலட் ஜெட்டுன்னுகூட இங்க சொல்ல மாட்டாங்க, ஸ்லோ ஜெட்டும்பாங்க. அது பேச்சுக்கு நல்லா இருக்கு. வண்டி நின்னு ஓடுற ஸ்லோ ஸ்பீடைப் பாக்குறது அது, ஆக்சிலேட்டரை முறுக்குனா பாக்குறது மெயின்.

சொல்லைவிட இதை எழுதுங்க. பசங்க பிரேக் கேபிள் இழையைப் பிச்சு ஜெட்டுக்குள்ள விடுவாங்க. அது எஃகு, ஜெட் பித்தளை. ரெண்டு இழுப்புல துளை பெருசாயிரும், அப்புறம் பெட்ரோல் கூடப்போய் பிளக் கருக்கும். கரண்ட் ஒயர்ல ஒத்தைச் செம்பு இழை எடுங்க, கிளீனர்ல ஊறவிட்டு ஏர் அடிங்க. வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா வட்டமா தெரியோணும்.

மதுரை, புதன் மாலை

அன்புடையீர், 'ஜெட்டுக்கு ஜெட்' என்றால் இந்தக் குழு எதற்கு? எந்திரம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. ஐங்குறுநூற்றிலேயே 'கரும்பின் எந்திரம்' பிளிறுகிறது. ஆலைக்கு அன்றே பெயர் வைத்தவர்கள் ஒரு துளைக்குப் பெயர் வைக்க மாட்டோமா?

பைலட் என்பவன் ஆதியில் வானூர்தி ஓட்டியவன் அல்லன், கப்பலுக்கு வழிகாட்டியவன். அதற்கு நம்மிடம் மீகாமன் இருக்கிறான். மீ என்றால் மேல். கப்பலின் மேல்தட்டில் நின்று காப்பவன் மீகாமன் என்பது என் துணிபு. ஜெட் என்பது பீச்சுவது. பீச்சுதல், பீச்சாங்குழல் எல்லாம் நம் வீட்டுச் சொற்கள். ஆகவே 'மீகாமப் பீச்சி'. தாரை வேண்டாம், அது வடமொழித் தாரா.

யாழ்ப்பாணம், புதன் இரவு

தம்பி மதுரை, மீகாமனைக் கார்புரேட்டருக்குள் இறக்கினால் அவர் மூச்சுமுட்டிச் செத்துப்போவார். 

நான் முப்பது வருசம் இரசாயனம் படிப்பித்தவள். இங்கே ஒட்சிசன், ஐதரசன், காபன் என்று படிப்பித்தோம், அங்கே ஆக்சிஜன், ஹைட்ரஜன், கார்பன் என்றார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தேறினார்கள். ஒலியைத் தமிழாக்குவதா, பொருளைத் தமிழாக்குவதா என்ற சண்டை அப்போதே முடியவில்லை. தாரை வடசொல் என்று தள்ளுகிறீர்கள், ஆனால் கலியாண வீட்டில் தாரை வார்க்காமல் விடுகிறீர்களா?

எனக்குத் தோன்றுவது இது. இடியப்ப உரலில் மா அடைத்தால் அம்மா 'கண் அடைச்சிட்டுது' என்பார், ஈர்க்கால் குத்தி எடுப்பார். சல்லடைக்கும் கண்தான். ஊசிக்கு மட்டும் ஏனோ காது. இந்த ஜெட்டும் கண்தானே? பைலட்டுக்குச் சிறுகண், மெயினுக்குப் பெருங்கண். ஈர்க்குக்குப் பதில் கோவைத் தம்பியின் செம்பு இழை.

புதுக்கோட்டை, வியாழன் அதிகாலை

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் குமிழித் தூம்பு பார்த்திருக்கிறீர்களா? கரையில் இருக்காது, கண்மாய்க்குள் தண்ணீரிலேயே நிற்கும். குமிழிக் கல்லைத் தூக்கினால் மேலே உள்ள நீரோடித் துளை வழியாகத் தண்ணீரும், அடியில் உள்ள சேறோடித் துளைகள் வழியாகச் சேறும் வெளியேறும். தண்ணீர் போகிறபோதே வண்டலும் போய்விடும்படி கட்டியிருக்கிறார்கள்.

இப்போது கார்புரேட்டரின் அடித்தொட்டியைப் பாருங்கள். மிதவை ஏறினால் ஊசி வாயை அடைக்கிறது, இறங்கினால் திறக்கிறது. பெட்ரோல் மட்டம் மாறாமல் நிற்கிறது. அதற்குள் ஜெட் இறங்கி நிற்கிறது. அடியில் வடிப்புத் திருகு. இது கண்மாய் அல்லாமல் வேறென்ன? பைலட் ஜெட் சிற்றோடி, மெயின் ஜெட் பேரோடி, வடிப்புத் திருகு சேறோடி. ஸ்காபரோ நண்பர் நவம்பரில் சேறோடியைத் திறந்திருந்தால் இந்த மடலாடலே வந்திராது.

கோவை, வியாழன் காலை

ஐயா, அருமைங்க. ஆனா இங்க 'சிற்றோடி அடைச்சிருச்சு'ன்னு சொன்னா யாரு ஓடிப்போனான்னு கேப்பாங்க.

அக்கா சொன்ன கண்ணு எனக்குப் புடிச்சிருக்கு.

மதுரை, வியாழன் நண்பகல்

கண் என்பது துளை. ஜெட் என்பது அந்தத் துளையைத் தாங்கும் பித்தளைத் திருகு. கழற்றிக் கையில் எடுப்பது திருகை, கண்ணையன்று. வேண்டுமானால் 'கண்திருகு' என்க.

கோவை, வியாழன் நண்பகல்

எல்லா ஜெட்டும் திருகு இல்லீங்க. சிலது அழுத்திச் சொருகுறது.

சென்னை, வியாழன் மாலை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு இங்கே புது வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறையப் போய்விட்டது, எல்லாம் எரிபொருளைப் பீய்ச்சும் முறைதான். சாகப்போகிற பொருளுக்கு நாமகரணம் எதற்கு? பேட்டரிக்கும் சார்ஜிங் நிலையத்துக்கும் சொல் தேடினாலாவது பயன் உண்டு.

யாழ்ப்பாணம், வியாழன் மாலை

கிணற்றில் தண்ணீர் இறைத்த ஏற்றம், கவலை எல்லாமும்தான் போய்விட்டன. சொல் இருப்பதால்தான் அவை என்னவென்று பேசமுடிகிறது.

கோவை, வியாழன் இரவு

புது வண்டிக்கு எதுக்குங்க எழுதுறோம்? பட்டறைக்கு வர்றதே பழைய வண்டிதான்.

இன்னொண்ணு. சோக்குக்கும் தமிழ் தேடுவீங்க, முன்னாடியே சொல்லிடறேன். அண்ணன் வண்டியில சோக் நெசமாவே காத்து வழியைத் தகட்டால மூடுது, கழுத்தை நெரிக்கிற மாதிரி. ஆர்எக்ஸ் 100ல அப்படி இல்லை. காத்தை மூடறதே கிடையாது, பெட்ரோலுக்குத் தனி வழி ஒண்ணைத் திறந்துவிடுது. ரெண்டையும் சோக்குன்னுதான் கூப்புடறோம். இங்கிலீஷ்காரனே தப்பாத்தான் பேரு வச்சிருக்கான், நாம மட்டும் வேரைத் தோண்டி என்ன பண்றது?

மதுரை, வியாழன் இரவு

அந்தத் தவற்றைத் திருத்தத்தான் நமக்குத் தமிழ் வேண்டும். முன்னது நெரிப்பி, பின்னது கூட்டி. இதைச் சொன்னதற்கு நன்றி, உண்மையாகவே. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', அதாவது காலப்போக்கில் வந்து வழங்கும் சொல்லை விலக்க வேண்டியதில்லை என்று தொல்காப்பியர் சொன்னதை எனக்கு எதிராக யாராவது எடுத்து வருவீர்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் வரவில்லை.

ஸ்காபரோ, வெள்ளி பின்னேரம்

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். சிறுகண், பெருங்கண் என்று போட்டு, முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'அதாவது ஸ்லோ ஜெட்' என்று சேர்த்திருக்கிறேன். மூன்று பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. புதுக்கோட்டை ஐயா வாக்குப் போடவில்லை, ஆனால் சேறோடியை எடுத்துக்கொண்டேன். 'நவம்பரில் பெற்றோல் குழாயை மூடி, நாலு சேறோடியையும் திறந்து வடிக்கவும்' என்று எழுதும்போது கை தயங்கவில்லை. அடியில் பிடித்த பழுப்புக்குப் பிசுக்கு என்று போட்டேன். அதற்கு ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை என்பது ஆச்சரியம்.

நேற்று இரவு நாலு தொட்டியையும் கழற்றினேன். மூன்றாவது சிறுகண்ணில் பச்சையாக ஒரு பொட்டு. செம்பு இழை இரண்டு தரம் போய்வந்ததும் மின்குமிழ் தெரிந்தது. மற்ற மூன்றும் அரைகுறை அடைப்பு. இன்று காலையில் சோக் இல்லாமலே நின்று ஓடுகிறது, கொஞ்சம் நடுக்கம் இருக்கிறது.

மதுரை, வெள்ளி இரவு

என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். கண்திருகு என்பதே சரி. பிசுக்கைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்: பிசு, பிசின், பிசுக்கு எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு.

கோவை, வெள்ளி இரவு

நடுக்கம்னா சொல்றேன் அண்ணா. நாலு கார்புரேட்டர் தொட்டியையும் கழட்டி மாட்டுனீங்களே, வாக்குவம் கேஜ் வச்சு நாலையும் சிங்க் பண்ணீங்களா, அதாவது நாலும் ஒரே அளவா இழுக்குதான்னு பாத்தீங்களா?