நடைபாதை, சைக்கிள் பாதைத் திட்டங்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஒற்றையடி

இந்த மன்றத்தில் இந்தத் திரியை நானே ஆரம்பிக்கிறேன். கருத்துக் கேட்புக் கூட்டம், உங்களுக்கெல்லாம் தெரிந்த வகைதான். மேசை நிறைய ஊர் வரைபடம், ஆளுக்கு ஐந்து பொட்டு. சிவப்பு ஒட்டினால் "இங்கே பயமாக இருக்கிறது", பச்சை ஒட்டினால் "இந்த வழியாகத்தான் போகிறேன்". நான் உதவிக்குப் போயிருந்தேன்.

ஒரு பாட்டி வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வரைபடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துத் தேடினார். பின்னால் வரிசை முனகத் தொடங்கிவிட்டது. கடைசியில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, ஒன்றுமே வரையாமல் வெள்ளையாகக் கிடந்த இடத்தில் ஒரு பச்சைப் பொட்டை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"பாட்டி, அங்கே தெரு இல்லையே" என்றேன்.

"தெரு இல்லைதான். வழி இருக்கு."

கூட்டம் முடிந்து வரைபடத்தைச் சுருட்டும்போது, கூட்டம் நடத்தியவர்களில் ஒருவர் "இது தப்பா ஒட்டினது" என்று அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் மனசு கேட்காமல் அந்த இடத்துக்குப் போனேன். மதில் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்தப் பக்கம் புல் செத்து, மண் இறுகி வழவழப்பாகிப்போன ஒற்றையடிப் பாதை. நான் நின்ற பத்து நிமிடத்தில் பதினொரு பேர் நுழைந்து போனார்கள். ஒரு பெண் சைக்கிளைச் சாய்த்து, கைப்பிடியைத் திருப்பி, பழகிய கையோடு அதை உள்ளே தள்ளினார். தெரு வழியாகப் போனால் பெரிய சாலையை இரண்டு முறை கடக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

கணக்குப்பிள்ளை

கூட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் எண்ணப் போன ஆள்.

சந்திப்பில் காலை ஏழிலிருந்து பத்து வரை. 15 நிமிடத்துக்கு ஒரு வரிசை; கார், பைக், பஸ், லாரி, சைக்கிள், பாதசாரி என்று கட்டங்கள். நாலு கோடு நேராக, ஐந்தாவது கோடு குறுக்காக. பள்ளிக்கூட நேரத்தில் ஒரு பையன் சைக்கிளில் வருகிறான். சந்திப்புக்கு முன்னால் இறங்கிவிட்டான். லாரிகளைப் பார்த்துவிட்டு உருட்டிக்கொண்டே கடந்தான், அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறி மிதித்தான். எந்தக் கட்டத்தில் போடுவது? மேற்பார்வையாளரைக் கேட்டேன். "உருட்டினா பாதசாரி."

அன்று சைக்கிள் கட்டத்தில் 19. உருட்டியவர்களை ஓரத்தில் பென்சிலால் தனியாகக் குறித்து வைத்தேன், 43. தட்டச்சு செய்த அட்டவணையில் பென்சில் வரவில்லை. "இச்சந்திப்பில் சைக்கிள் பயன்பாடு குறைவு" என்று அறிக்கையில் ஒரு வரி. அந்த வரிக்குக் காரணம் என் கை. சைக்கிளில் வந்து, பயத்தில் இறங்கியவர்களை நாங்களே இல்லாமல் ஆக்கிவிட்டோம்.

பன்னிரண்டு வினாடி

அப்பாவுக்கு முழங்கால் வலி. தடி வைத்துக்கொள்ள மாட்டார், கௌரவம்.

பச்சை விழுந்தது, இறங்கினோம். முக்கால்வாசி கடந்ததும் சிவப்பு. நடுவில் ஒதுங்கி நிற்க மேடான திட்டும் கிடையாது. வண்டிகள் உறுமத் தொடங்கின. அப்பா இடது கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கி வண்டிக்காரர்களைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அவர் என்ன தப்பு செய்தார்?

அப்புறம் தனியாகப் போய் அளந்தேன். சாலை அகலம் 14 மீட்டர், பச்சை 12 வினாடி. மனிதன் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று வைத்துத்தான் பொதுவாகக் கணக்குப் போடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் 12 வினாடி சரியாகவே வருகிறது. அப்பாவின் நடை 0.8 மீட்டர்தான். நாலு மீட்டருக்கு மேல் பாக்கி. அந்த நாலு மீட்டரில்தான் அவர் குனிந்தார்.

கட்டக்கோடு

முதல் பதிவுக்கு ஒரு பதில். நான் அந்தப் பக்கத்து ஆள், வரைபவன்.

பொட்டைச் சுரண்டியது தப்பு, சரி. ஆனால் அதைக் கெட்ட எண்ணமாகப் பார்க்காதீர்கள். அடிப்படை வரைபடத்தில் இல்லாத வழியை நாம் வரைந்துவிட்டால், நாளைக்கு அந்த நிலத்துக்காரர் "என் இடத்தில் யாரைக் கேட்டுப் பாதை போட்டாய்" என்று வருவார். அதனால் கை தானாகவே ஒதுங்கும். இன்னொன்று, மேசைக்குப் பக்கத்தில் நின்ற நீங்கள் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே? எழுதி வைக்காத பொட்டு கூட்டம் முடிந்ததும் குப்பைதான்.

என் கதை சின்னது. ஒரு சைக்கிள் பாதை வரைந்தேன், ஒன்றரை மீட்டர் அகலம், பார்க்க அழகாக இருந்தது. திறந்த அன்று போனால் பாதை நடுவில் மின்கம்பம். கணினி வரைபடத்தில் கம்பங்கள் தனி அடுக்கில் (லேயர்) இருந்தன. கண்ணை உறுத்துகிறது என்று அந்த அடுக்கை நான்தான் அணைத்து வைத்திருந்தேன். முதலில் வந்த சைக்கிள்காரர் இறங்கி, கம்பத்தைத் தோளில் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு தட்டிவிட்டு, சுற்றிப் போனார்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கூட்டத்துக்குப் போனால் "சைக்கிள் பாதை வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். போட்டுத் தருவார்கள், கோடாகப் போட்டுத் தருவார்கள். தெரு மூலையின் வளைவு எவ்வளவு என்று கேளுங்கள். வளைவு பெரிதாக இருந்தால் வண்டி வேகம் குறையாமலே திரும்பும், கடக்கிறவன் பாடு திண்டாட்டம். மூலையை ஒட்டி வண்டி நிறுத்த விடுகிறார்களா என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் ஹொபோக்கன் என்று சுமார் 60,000 பேர் வசிக்கும் ஊர். மூலைகளில் பார்க்கிங்கை எடுத்துவிட்டு, குட்டைத் தூண்களும் சைக்கிள் நிறுத்தும் கம்பிகளும் நட்டார்கள். கடக்கிறவனும் ஓட்டுகிறவனும் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தது. அதோடு வேறு வேலைகளும் செய்தார்கள். 2017 ஜனவரிக்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே சாலையில் ஒரு மரணம்கூட இல்லை. பெரிய பாலம் கட்டியா செய்தார்கள்? பெயின்ட், தூண் மாதிரிச் சின்ன வேலைகள்தான்.

பன்னிரண்டு வினாடிக்காரருக்கு: பச்சையை நீட்டச் சொன்னால் "வண்டி தேங்கும்" என்பார்கள். நடப்பவர்களுக்கு மூன்றிலிருந்து ஏழு வினாடி முன்னதாகப் பச்சை விடச் சொல்லுங்கள், திரும்பும் வண்டி வருவதற்குள் அவர்கள் சாலைக்கு நடுவில் கண்ணில் படுவார்கள். நடுவில் ஒரு திட்டும் கேளுங்கள்.

நிலம் இல்லை, அகலம் இல்லை என்று சொன்னால் நெதர்லாந்தில் இருக்கிற குரோனிங்கனைச் சொல்லுங்கள். 1977-இல் அந்த ஊர்க்காரர்கள் ஊர் நடுவை நாலு துண்டாகப் பிரித்தார்கள். நடந்தோ சைக்கிளிலோ ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு நேராகப் போகலாம். கார் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். சாலையை அகலப்படுத்தவில்லை, காரின் வழியை மாற்றினார்கள். கடைக்காரர்கள் கத்தினார்கள், உண்மை.

பன்னிரண்டு வினாடி

நடுவில் திட்டு வேண்டாம் ஐயா. அப்பா ஒரே முறையில் வீட்டுப் பக்கம் போய்ச் சேர வேண்டும். பாதி வழியில் நிறுத்திவைத்து அடுத்த பச்சைக்குக் காத்திரு என்பது அவருக்கு இன்னும் பெரிய தண்டனை, நிற்பதுதான் அவருக்கு நடப்பதைவிடக் கஷ்டம்.

திண்ணைக் கடை

"கடைக்காரர்கள் கத்தினார்கள்" என்றாரே, அந்தக் கத்தினவன் நான்தான். அந்த ஊரில் இல்லை, எங்கள் தெருவில்.

கடை வாசலில் மூன்று வண்டி நிறுத்தும் இடம். அதை எடுத்துவிட்டு நடைபாதையை அகலமாக்கப் போகிறோம் என்றார்கள். கூட்டத்தில் எழுந்து, "என் வாடிக்கையாளர் பாதிப்பேர் காரில் வருகிறவர்கள், என் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று கத்தினேன். கைதட்டு வேறு. மறுநாள் ஒரு பொண்ணு வந்து, ஒரு வாரம் எண்ணிப் பார்க்கலாமா அண்ணா என்று கேட்டது. எண்ணு, உனக்கே தெரியும் என்றேன். நானும் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களை எப்படி வந்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன்.

மூன்றாம் நாள் அந்தப் பொண்ணு தாளைக் காட்டியது. மூன்று இடத்தில் ஒன்றில் காலையிலிருந்து மூடும் வரை ஒரே வண்டி. இன்னொன்றிலும் அப்படியே, பக்கத்துக் கடைக்காரர் வண்டி. முதல் வண்டி யாருடையது என்று தெரியாமல்தான் அது கேட்டது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

காரில் வந்தவர்கள் என் தாளிலேயே பத்தில் ஒருவர்தான். அடுத்த கூட்டத்தில் எழுந்து மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். போகவே இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன்.

ரெண்டு சக்கரம்

கட்டக்கோடு அவர்களே, கம்பத்தைத் தட்டிவிட்டுப் போனவர் சிரித்துவிட்டுப் போனார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வந்தது கம்பம் இல்லை, முடிவு. நல்ல பாதை, தனியாகப் பிரித்த பாதை, நிம்மதியாக மிதித்துக்கொண்டே போகிறேன். சந்திப்புக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது பாதை முடிந்துவிட்டது! தரையில் சைக்கிள் படம், அதற்கு மேல் ஒரு கோடு, அவ்வளவுதான். வலது பக்கம் பஸ், அதன் பின்சக்கரம் என் முழங்கைக்கு நேராகச் சுற்றுகிறது. டயரில் சிக்கியிருந்த சின்னக் கல் ஒன்று வந்து வந்து போனது, அதை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பயம் இல்லாத இடத்தில் பாதை போடுகிறார்கள், பயம் இருக்கிற இடத்தில் விட்டுவிடுகிறார்கள். ஏனென்றால் சந்திப்பில் கார் வரிசைக்கு இடம் வேண்டுமாம். ஸ்பெயினில் செவில் நகரத்தில் 2006-க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே சுமார் 80 கிலோமீட்டர் சைக்கிள் பாதையை ஒன்றோடொன்று தொடுகிற மாதிரி போட்டார்கள், அதனால்தான் ஜனங்கள் ஏறினார்கள். இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு போட்டுவிட்டு "யாரும் ஓட்டவில்லையே" என்றால்? அப்புறம் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு எண்ணச் சொல்வார்கள்.

வெள்ளைக்கோல்

சைக்கிள்காரர்கள் அழுகை போதும். உங்கள் பாதையை எங்கே போட்டார்கள் தெரியுமா? எங்கள் நடைபாதையில். கார் போகும் இடத்தில் ஒரு அடி எடுக்கத் துணியாமல், நடைபாதையைக் கோடு போட்டுப் பாதியாக்கி, "பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று பலகை வைத்தார்கள். அந்தக் கோடு என் கோலுக்குத் தெரியாது. பெயின்ட்டுக்கு உயரம் ஏது?

ஒருநாள் வலது காது ஓரமாகக் காற்று. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மணி இல்லை, குரல் இல்லை. சட்டைக் கை எதிலோ உரசியது, தூரத்தில் "சாரி" என்றது ஒரு குரல். அன்றிலிருந்து அந்தத் தெருவில் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறேன். சைக்கிள் பாதையும் நடைபாதையும் ஒரே மட்டத்தில் இருக்கவே கூடாது, நடுவில் கால் உணர்கிற அளவுக்கு ஒரு விளிம்பு வேண்டும். அது இல்லாமல் எது போட்டாலும் எங்களை வீட்டுக்குள் தள்ளுகிற திட்டம்தான்.

ரெண்டு சக்கரம்

நீங்கள் சொல்வது நியாயம். உங்களை உரசிப் போனவன் நானாக இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. மணி அடித்தால் நடப்பவர்கள் திட்டுகிறார்கள் என்று நான் அடிப்பதை விட்டுவிட்டேன். மறுபடி அடிக்கிறேன்.

கட்டக்கோடு

விளிம்பு பற்றிச் சொன்னது சரி. ஆனால் சக்கர நாற்காலி கடக்கும் இடத்தில் அதே விளிம்பு இடைஞ்சல், அங்கே சரிவும், கோலும் காலும் உணர்கிற மாதிரி மேடு வைத்த கற்களும் வர வேண்டும். இதைத் தனித் திரியில் எழுதுகிறேன், நிறைய இருக்கிறது.

திண்ணைக் கடைக்காரரே, அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். நான் பத்து வரைபடம் காட்டினாலும் நகராத கூட்டம், உங்கள் சாவிக் கதைக்கு நகரும்.

திண்ணைக் கடை

சாவியைச் சொன்னால் பக்கத்துக் கடைக்காரர் என்னோடு பேச மாட்டார். பார்க்கலாம்.

ஒற்றையடி

திரியைத் தொடங்கியவன் திரும்ப வந்திருக்கிறேன். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்று கட்டக்கோடு கேட்டது குத்தியது. அதனால் இரண்டு காலை போய் எண்ணினேன். உருட்டியவர்களுக்குத் தனிக் கட்டம், கணக்குப்பிள்ளைக்கு நன்றி. படம் எடுத்தேன், மனு எழுதினேன். "சுவரில் உள்ள இந்த இடைவெளியை மக்கள் தினமும் வழியாகப் பயன்படுத்துகிறார்கள்" என்று முதல் வரியிலேயே போட்டேன். பெருமையாக வேறு இருந்தது.

இன்று காலை போனேன். இடைவெளியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். சிமென்ட் இன்னும் ஈரம். நான் எழுதிக் கொடுத்ததால்தான் அவர்களுக்கு அங்கே ஓட்டை இருப்பதே தெரிந்ததா, இல்லை ஏற்கனவே அடைப்பதாக இருந்ததா, யாரைக் கேட்பது?

அடைத்த இடத்துக்குக் கீழே யாரோ அதற்குள் இரண்டு கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஏறித் தாண்ட. பள்ளிப் பிள்ளைகள் தாண்டுகிறார்கள். சைக்கிள்காரப் பெண்ணைக் காணவில்லை. பாட்டியால் அந்தக் கல்லில் ஏற முடியாது.