ஊரடங்கில் நடந்த ஆன்லைன் சேவைக் கற்றல்: யாரைக் கேட்டு மதிப்பெண் போட்டோம்?

குழித்துறை ஆசிரியர்:
2020-21ல் எங்கள் கல்லூரியில் சேவைக் கற்றல் பாடம், அதாவது ஊருக்குச் சேவை செய்து அதிலிருந்து மாணவர் கற்கும் பாடம், முழுக்க ஆன்லைனில்தான் நடந்தது. ஒவ்வொரு மாணவரும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போனில் கணக்கு சொல்லிக்கொடுத்து, வாரம் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுத வேண்டும். "வீணாய்ப் போன பாடம்" என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருடம் 120 மணி நேரம், ஏழு நாள் முகாம் என்று பல வருடம் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். அந்த நாட்குறிப்பில் இருந்த யோசனை முகாம் அறிக்கைகளில் இருந்ததில்லை.

பேச்சிப்பாறை அக்கா:
சார், அந்தப் பக்கங்களை எழுதியது உங்கள் மாணவர்கள். போனுக்கு இந்தப் பக்கம் இருந்த பிள்ளை என்ன எழுதியது?

என் தங்கை மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. வீட்டில் ஒரே போன். அவள் அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர், விடியும் முன்னே போனோடு தோட்டத்துக்குப் போய்விடுவார். வகுப்போ காலை பத்து மணிக்கு. வெட்டு இல்லாத நாளில் போன் வீட்டில் இருந்தாலும் டவர் கிடைக்காது, மேட்டில் ஏறி நிற்க வேண்டும். பாதி நாள் மணி அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். அந்த நேரமும் சேவை மணிக்கணக்கில் சேர்ந்துதானே இருக்கும்? அவளுக்கு வகுத்தல் வந்ததா என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

தூத்தூர் தம்பி:
அக்கா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் ஆன்லைன் என்றாலே வேலைக்கு ஆகாது என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்த வருடம் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் நிறையப் பேர் ஈரானில் மாட்டிக்கொண்டார்கள். நானும் நான்கு நண்பர்களும் வீட்டில் இருந்தபடியே குடும்பங்களிடம் பாஸ்போர்ட் எண் வாங்கி, பட்டியல் போட்டு, மனு எழுதி அனுப்பினோம். ஒரு அம்மா மகனின் பாஸ்போர்ட் நகலைத் தலைகீழாகப் போட்டோ எடுத்து மூன்று தடவை அனுப்பினார். ஜூலை 1, 2020 அன்று ஐஎன்எஸ் ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் 687 பேரோடு தூத்துக்குடி வந்தது. எங்களால்தான் வந்தது என்று சொல்லவில்லை. எல்லோரும் அதில் வந்துவிடவும் இல்லை. ஆனால் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போனது என்று அந்த வீடுகளுக்குத் தெரிந்தது. கல்லூரியில் இதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. அனுமதித்த வேலைகளில் இது வராதாம்.

குழித்துறை ஆசிரியர்:
தம்பி, அதற்கு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும். அது தப்புதான்.

ஆனால் அக்கா, சேவை வேறு, சேவைக் கற்றல் வேறு. மாணவர் என்ன கற்றார் என்பதும் இதில் பாதி. பள்ளியே மூடிக் கிடந்தபோது பிள்ளையின் முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது? பெற்றோரைக் கேட்டாலும் மரியாதைக்கு "நல்லா இருந்தது சார்" என்றுதான் சொல்வார்கள்.

பேச்சிப்பாறை அக்கா:
நல்லா இருந்ததா என்று கேட்டால் அப்படித்தான் சொல்வோம். கடைசியாக எப்போது போன் வந்தது, அன்றைக்கு என்ன படித்தாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஒரு வகுத்தல் கணக்கு கொடுங்கள். இதற்குப் பள்ளி திறந்திருக்க வேண்டுமா சார்? 2021 கடைசியில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி தன்னார்வலராக தினமும் சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். யார் வரவில்லை என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். உங்கள் மாணவருக்குத் தெரிந்ததா?

குழித்துறை ஆசிரியர்:
சிலருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். "போன் எடுக்கவில்லை" என்று ஒரு பெண் ஆறு வாரம் தொடர்ந்து எழுதியிருக்கிறாள். நேர்மையாக எழுதினாள் என்று நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்டதாக எங்கும் இல்லை. மாணவர் கற்றதை அளப்பது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டு எண் இதில் இருக்கிறது, கூப்பிடப் போகிறேன்.

பேச்சிப்பாறை அக்கா:
சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள் சார். பிள்ளையிடமே போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.