பெரியாக்களுக்குப் பம்பர்ஸ்: இழுத்துப் போடுறதா, ஒட்டுறதா? உங்கட அனுபவத்தச் சொல்லுங்க

களுவாஞ்சிக்குடிப் புள்ள:

அம்மாக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தத முந்தியே எழுதிட்டன், திரும்ப எழுதல்ல. இப்ப ஒரு ஆள் கையப் புடிச்சா எழும்பி நிப்பா, நடப்பா, சலம் மட்டும் அடக்க ஏலா. அதால ஜட்டி மாதிரி இழுத்துப் போடுற பம்பர்ஸ்தான் வாங்கிறம், வீட்டுக்குள்ள அதால ஒரு கரச்சலும் இல்ல.

கிட்டடியில அண்ணன்ட மகள்ட சாமத்திய வீடு. காலயில புதுசு போட்டு, சேல கட்டி, முன் கதிரையில கொண்டு போய் இருத்தினம். ஆலாத்தி எடுக்கிறதும் போட்டோ புடிக்கிறதுமா நேரம் இழுபட்டுப் போச்சு, அம்மா எழும்பவே இல்ல, இடையில சோடாவும் குடுத்திரிக்காங்க. மறுகா பேத்திக்கு அறுகரிசி போட வாங்க எண்டு கூப்பிட்டாங்க. நான் புடிச்சு எழுப்பினன். எழும்பின உடன நனஞ்ச பாரம் சேலக்குள்ளால கீழ இறங்குது. எனக்கு எப்பிடித் தெரியுமெண்டா, அம்மா வலக்கையால இடுப்புக்குக் கீழ சேலயோட சேத்து இறுக்கிப் புடிச்சிட்டா. அவக்கு வேல செய்யிற கை அது ஒண்டுதான். பேத்தி தலயக் குனிஞ்சு கொண்டு நிக்கிறாள், அம்மா கைய எடுக்கல்ல. "நீ போடு மச்சாள்" எண்டு பக்கத்தில நிண்ட மாமிக்குச் சொல்லிட்டு அப்பிடியே இருந்திட்டா. அம்மா களைச்சிட்டா எண்டுதான் எல்லாரும் நினச்சிரிப்பாங்க. சேலயப் புடிச்ச அந்தக் கை எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்கிது.

இடுப்பில டேப்பால ஒட்டுற வகை போட்டிருந்தா இறங்கிரிக்காதா? அத வச்சிருக்கிற ஆக்கள் சொல்லுங்க.


காத்தான்குடி மகன்:

அக்கா, வாசிச்சிட்டு உடன எழுத ஏலாமப் போச்சு. எங்கட வாப்பாக்கு நடந்தது வேற மாதிரி. சீனி வருத்தம், புரஸ்டேட்டும் இரிக்கி, ஒழுகிக்கொண்டே இரிக்கும். ஆரோ சொல்லி ஒட்டுற பம்பர்ஸ் வாங்கினம், வெளிப்பக்கம் பொலித்தீன் மாதிரி உள்ள வகை. ஒழுகல்ல, நல்லாத்தான் புடிச்சிச்சு. ஆனா வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகைக்குக் கூட்டிட்டுப் போனா, ருகூவுக்குக் குனியக்கயும் சுஜூதுக்குப் போகக்கயும் சரசரண்டு சத்தம். பள்ளிக்குள்ள எல்லாரும் அமைதியா இரிக்கிற நேரம் அது. பக்கத்தில நிண்ட சின்னப் பொடியன் ஒருத்தன் சலாம் குடுத்த உடன வாப்பாட இடுப்பப் பாத்தான். ஒண்டும் சொல்லல்ல, பாத்தான், அவ்வளவுதான். அடுத்த வெள்ளி வாப்பா முன் சஃப்புக்கு (தொழுற வரிசைக்கு) வரல்ல, செருப்பு வைக்கிற இடத்துக்குக் கிட்ட கடைசி மூலையில போய் நிண்டாரு. முப்பது வருசத்துக்கு மேல முன் சஃப்பில நிண்ட மனிசன்.

மறுகா துணி மாதிரி மெத்தெண்டு இரிக்கிற இழுத்துப் போடுற வகைக்கு மாத்தினம், சத்தம் இல்ல. ஆனா தொழுற ஆக்களுக்கு இன்னொரு விசயம் இரிக்கி. ஒழுகிற வருத்தம் உள்ளவர் ஒவ்வொரு பர்ளுக்கும், அதாவது கடமையான தொழுகைக்கும், வக்து (தொழுற நேரம்) வந்தப்புறகு கழுவி, புதுசு மாத்தி, உளு எடுத்து (தொழ முந்திக் கைகால் முகம் கழுவி), சுணக்காமத் தொழணும் எண்டுதான் எங்கட மௌலவி சொல்லித் தந்தாரு. அஞ்சு வக்துக்கும் முழுப் பம்பர்ஸ் மாத்துறெண்டா எந்த வீட்டுக் காசும் காணா. அதால இறுக்கமான ஜட்டிக்குள்ள ஒட்டுற ஆம்பிளைகள்ற பேட் வைக்கிறம், வக்துக்கு அத மட்டும் எடுத்திட்டு வேற வைக்கிறம். இரவைக்கும் தூரப் பயணத்துக்கும் மட்டும் பம்பர்ஸ். வாப்பா திரும்ப முன்னுக்கு வந்திட்டாரெண்டு சொல்ல ஆச, இன்னும் நடுச் சஃப்புலதான் நிக்கிறாரு.


திருக்கோவில் தம்பி:

ரெண்டு பேரும் நடக்கிற ஆக்களப் பத்தியே கதைக்கிறீங்க. படுக்கையில கிடக்கிற ஆளுக்கு இழுத்துப் போடுறத வாங்கிக் குடுக்காதீங்க, ஆரும் கேட்டா வேணாம் எண்டு சொல்லுங்க.

2022ல கறன்ட் வெட்டு நடந்த காலம், சாமான் தட்டுப்பாடு, ஒட்டுறது ஒரு பாமசியிலயும் இல்ல, கிடச்சது இழுத்துப் போடுற பாக்கெட் ஒண்டுதான், விலையும் ஏறி. அப்பாக்கு அண்டைக்கு வயித்தால போகுது. நடுச்சாமம், இருட்டு, போன் லைட்ட வாயில கவ்விக்கொண்டு நான் தனிய. படுத்திரிக்கிற மனிசனுக்கு அதக் காலால இறக்க ஏலாது, இறக்கினா முழங்காலுக்கும் பாதத்துக்கும் எல்லாம் பூசுப்படும். ரெண்டு பக்கத் தையலையும் கிழிச்சு எடுத்தன். கழட்டுறது அப்பிடியாவது ஏலும், புதுச இடுப்பு வரைக்கும் ஏத்துறதுதான் பாடு, ஒரு கையால தூக்கணும், ஒரு கையால இழுக்கணும், அப்பாட உடம்பு பாரம். அவர் கண்ண இறுக்கி மூடிக்கொண்டு நித்திர மாதிரிக் கிடந்தாரு. நித்திர இல்ல. இமை துடிச்சிச்சு. நானும் நித்திர எண்டு நம்பின மாதிரியே துடைச்சிட்டு வந்து படுத்தன்.

அதால ஒட்டுறதச் சரியாப் போடுற முறய எழுதிறன், ஆருக்காவது உதவும். முதல் சைஸ். இடுப்ப மட்டும் அளக்காதீங்க, குண்டிப் பக்கத்தையும் சுத்தி அளங்க, எது கூடவோ அதுக்கு ஏத்தத வாங்குங்க. பெரிசு வாங்கினா கூடப் புடிக்கும் எண்டு நினைக்காதீங்க, தொடையில இடவெளி விழுந்து அதாலதான் ஒழுகும். போட முந்தி நீளப்பாட்டுக்கு ஒருக்கா மடிச்சு விரிச்சா உள்ளுக்கு ரெண்டு பக்கமும் இரிக்கிற சுருக்கு எழும்பி நிக்கும், அதுதான் ஒழுகாமத் தடுக்கிறது, அது மடிஞ்சு படுத்தா எவ்வளவு விலைக்கு வாங்கியும் பிரயோசனமில்ல. ஆள உங்கட பக்கம் திருப்பி முதுகுப் பக்கத்தால பாதிய உள்ளுக்குத் தள்ளி வைங்க, மறுகா மற்றப் பக்கம் திருப்பி இழுத்து விரிங்க. தூக்கத் தேவையில்ல, உங்கட நாரிக்கும் நல்லது. டேப் உள்ள பக்கம்தான் முதுகுக்கு வரணும். ஆம்பிள எண்டா உறுப்ப கீழ்ப்பக்கம் பாக்க வைங்க, மேல பாத்துக் கிடந்தா வயித்தால மேல ஒழுகும். நாலு டேப் இருந்தா கீழ் டேப்ப முதல் ஒட்டுங்க, கொஞ்சம் மேல்நோக்கிச் சரிச்சு. மேல் டேப்ப கீழ்நோக்கிச் சரிச்சு. ரெண்டு விரல் போற இடம் வயித்துப் பக்கம் இரிக்கணும். கடைசியில கவட்டுப் பக்கம் விரல ஓட்டி தொட விளிம்புச் சுருக்க வெளிய எடுத்து விடுங்க. பவுடர் போடாதீங்க, ஈரத்தில கட்டியாகித் தோல உரசும். சிங்க் கிறீம் மெல்லிசாப் பூசினாக் காணும், வாசலின அள்ளி அப்பினா பம்பர்ஸ் உறிஞ்சாது. பொம்பிளைகளுக்குத் துடைக்கக்க முன்னால இருந்து பின்னுக்குத்தான் துடைக்கணும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்திப் படுக்க வைக்க மறக்காதீங்க, படுக்கைப் புண் வந்தா அது வேற கத.


வாட்டில வேல செஞ்ச அக்கா:

திருக்கோவில் தம்பி சொன்ன முற எல்லாம் சரி, ஒரு சொல்லும் மாத்தத் தேவையில்ல. ஆனா ஒட்டுறது வசதி எண்டு எல்லா வீட்டிலயும் அதயே போட்டு விடுறத நான் கண்ணால பாத்தவ. படுவான்கரைப் பக்கத்தில இருந்து வந்த ஒரு அம்மா, அவவுக்கும் பாரிசவாதம்தான், வாய் கொஞ்சம் கோணிப் போச்சே தவிர சொல்லுறது விளங்கும். முதல் நாள் "வெளிய போகணும் மகள்" எண்டு கூப்பிட்டா. நிண்ட சொந்தக்காரப் புள்ள "அதுக்குள்ளயே போங்க அம்மா, பம்பர்ஸ் போட்டுத்தானே இரிக்கி" எண்டிச்சு. அந்த அம்மா அடக்கிக்கொண்டு கட்டில் கம்பியப் புடிச்சா பாருங்க, விரல் எல்லாம் வெளிறி. மற்ற நாளும் கேட்டா. அதுக்குப்புறகு கேக்கிறத விட்டிட்டா. கேக்கிற ஆள் கேக்காம விடுறதுதான் எனக்குப் பயம். போகணும் எண்டு தெரியிற ஆள கமோட்டில இருத்தினா, பாரிசவாதக்காரர்ல கனபேருக்கு மாசக்கணக்கில திரும்ப அடக்க வரும். படுக்கயிலயே போகப் பழக்கினா அது கடினம்.

களுவாஞ்சிக்குடி மகள், உங்கட அம்மா நிக்கிற ஆள், நடக்கிற ஆள், அவவுக்கு இழுத்துப் போடுறதுதான் சரி, மாத்தாதீங்க. ஒட்டுறதும் நனஞ்சா பாரந்தான், நடக்கிற ஆளுக்கு டேப் இழுபட்டு அதுவும் இறங்கும். விசேசத்துக்குப் போகக்க அதுக்கு மேலால இறுக்கமான பருத்தி ஜட்டி ஒண்டு போட்டு விடுங்க, அது தாங்கும். உள்ளுக்கு ஒரு பேட் வைக்கிறெண்டா அடியில பொலித்தீன் இல்லாதத வைங்க, பொலித்தீன் உள்ளது நிறைஞ்சா பக்கத்தாலதான் வழியும், பம்பர்ஸுக்குள்ள இறங்காது. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அவ கேட்டாலும் கேக்காட்டியும் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க. சாமத்திய வீட்டிலயும்தான்.

நனையும் எண்டு தண்ணியக் குறைக்க மட்டும் வேணாம். சலம் தடிச்சுப் போனா பைய உறுத்தி இன்னும் அடிக்கடி வரும், கிருமியும் புடிக்கும். வயசான ஆளுக்குத் திடீரெண்டு சலம் கூடப் போனா, காய்ச்சல் இருந்தா, ஆள் மாறிக் கதைச்சா சலத்தையும் சீனியையும் பரிசோதிங்க. கவட்டில சிவந்து, சுத்தி சின்னச் சின்னப் பொட்டாப் பரவினா அது பங்கசு, சிங்க் கிறீமுக்குக் கேக்காது, டொக்டர்ட்டக் காட்டி அதுக்குரிய மருந்த வாங்குங்க. இஞ்சத்த வெக்கைக்கு அது கெதியா வரும்.


திருக்கோவில் தம்பி:

அக்கா, நான் நடக்கிற ஆளுக்கும் ஒட்டுங்க எண்டு எழுதல்ல, படுக்கையில கிடக்கிற ஆளுக்கு எண்டுதான் எழுதிரிக்கன், மேல போய்ப் பாருங்க. வாட்டில ரெண்டு மூணு பேர் சேந்து ஆளத் தூக்கலாம். வீட்டில நான் ஒராள். அம்மாக்கு முழங்கால் ஏலா. கமோட்டில இருத்துங்க எண்டு சொல்லுறது சுகம், அப்பாவ நான் தனிய இருத்தப் போய் ரெண்டு பேரும் விழுந்தா தூக்க ஆர் வாற?


வாட்டில வேல செஞ்ச அக்கா:

தம்பி கோவிக்காதீங்க, உங்கட அப்பாக்கு நீங்க செய்யிறது சரிதான். நான் சொன்னது அந்தக் கட்டில் கம்பியப் புடிச்ச அம்மாக்காக.


அக்கரைப்பற்று ஓய்வு ஆசிரியர்:

பிள்ளயள் எல்லாம் அம்மா அப்பாக்குப் போட்டு விடுறதப் பத்தி எழுதுறீங்க. நான் போடுற ஆள்.

புரஸ்டேட் ஒப்பரேசன் கொழும்பில செஞ்சு, டியூப் எடுத்தப்புறகு உதயதேவி ட்ரெயினில மட்டக்களப்புக்கு வந்தன். இழுத்துப் போடுறதுதான் போட்டிருந்தன், மேல நீளக் காற்சட்ட, சப்பாத்து. இரிக்கக்க ஒண்டுமில்ல, எழும்பினா, இருமினா வரும். மாகோ கடந்ததும் நிறைஞ்சிட்டு. பாத்ரூமுக்குப் போனப்புறகுதான் விளங்கிச்சு, புதுசு ஒண்டு போடுறெண்டா சப்பாத்து, காற்சட்ட எல்லாத்தையும் முழுசாக் கழட்டணும், காலால ஏத்துறதெண்டா வேற வழி இல்ல. தர முழுக்கத் தண்ணி. காற்சட்டையக் கழுத்தச் சுத்திப் போட்டு, வெறுங்காலோட, ஒரு கால் உள்ள, மற்றக் கால் வெளிய, ஒரு கையால சன்னல் கம்பியப் புடிச்சுக்கொண்டு நிக்கிறன், பெட்டி ஆடுது, வெளியில ஆரோ கதவத் தட்டுறாங்க. தட்டினவர் "சேர், சுகமா?" எண்டு சிங்களத்தில கேட்டாரு. எனக்கு மறுமொழி வரல்ல. வகுப்பில ஒரு நாளும் எனக்குச் சொல் வராமப் போனதில்ல.

ஒட்டுற வகை எண்டா காற்சட்டைய முழங்காலுக்கு இறக்கினாக் காணும், சுவரில முதுகச் சாச்சுக்கொண்டு நிண்டபடியே ஒட்டலாம். ஆக நடக்கிறவருக்கு இது, படுக்கிறவருக்கு அது எண்டு பிரிக்கிறது மட்டும் காணாது, அந்த ஆள் எங்க மாத்தப் போறார், என்ன உடுத்திரிக்கார் எண்டும் பாக்கணும். வீட்டில சாரம் கட்டுறன், சாரத்துக்கு இழுத்துப் போடுறதப் போல வசதி வேற இல்ல. பஸ்ஸிலயோ ட்ரெயினிலயோ போறெண்டா பையில ஒட்டுறது ஒண்டு வச்சிருப்பன். அடியில இரிக்கிற தசைய இறுக்கி விடுற பயிற்சி டொக்டர் சொல்லித் தந்தாரு, அத விடாமச் செஞ்சு இப்ப பகலில சின்னப் பேட் ஒண்டுதான். ஒப்பரேசன் செஞ்சவங்க ஆரும் வாசிச்சா, அந்தப் பயிற்சிய விடாதீங்க.

இன்னொண்டு. மகன் பாக்கெட் வாங்கி வரக்க எந்த வகை எண்டு என்னட்டக் கேக்கவே இல்ல. நல்ல பொடியன், காசு பாக்காம வாங்கினான். கேட்டிருந்தா சொல்லிரிப்பன். காத்தான்குடித் தம்பி, வாப்பாட்ட நடுச் சஃப்பு போதுமா எண்டு நீங்களே ஒருக்காக் கேளுங்க.


ஏறாவூர் ராத்தா:

எல்லாரும் போடுறதச் சொல்லுறீங்க, வீசுறத ஆரும் சொல்லல்ல. மாமிக்குப் பாவிச்சத வளவுக்குள்ள கிடங்கு வெட்டித் தாட்டம், இஞ்ச மணல்தானே, இரவைக்கு நாய் கிளறி ஒழுங்க முழுக்க இழுத்துப் போட்டிட்டு. விடியச் சுபஹுத் தொழுகைக்குப் போற ஆக்கள் அதத் தாண்டித்தான் போனாங்க. மாமி திண்ணையில இருந்து பாத்தா, நான் விளக்குமாத்தோட ஓடினன், அவ ஒண்டும் கேக்கல்ல, அண்டைக்குப் பகல் முழுக்கத் தேத்தண்ணி குடிக்க மாட்டன் எண்டிட்டா.

எரிக்கிறதும் வேணாம், உள்ளுக்கு உள்ளது பிளாஸ்டிக்கும் ஜெல்லும், நனஞ்சது எரியவும் எரியாது, புக முழுக்கப் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். கக்கூசுக்குள்ள மலத்த மட்டும் தட்டிக் கொட்டிட்டு, பம்பர்ஸ முன்பக்கத்தில இருந்து இறுக்கிச் சுருட்டுங்க. ஒட்டுறதுக்கு டேப்ப சுத்தி ஒட்டலாம், அந்த வசதி இழுத்துப் போடுறதில இல்ல, சிலதில பின்னுக்கு ஒரு டேப் வச்சிருப்பாங்க. பழைய பேப்பரில சுத்தி, சொப்பிங் பேக் ரெண்டில கட்டி, மூடி உள்ள வாளியில போட்டு வைங்க, குப்ப லொறி வாற நாளில குடுங்க. எடுக்கிற பொடியன்மாருக்கு இன்னதெண்டு சொல்லிக் குடுங்க, அவங்களும் வெறுங்கையாலதான் தூக்கிறாங்க.