அமெரிக்க பேஸ்போல் லீக்கான எம்எல்பியில், ஓர் அணியின் 40 பேர் வீரர் பட்டியலில் இடம் எப்படி நிரம்புகிறது?

வெள்ளவத்தை வாசகன்: நவம்பர் வந்ததும் டொட்ஜர்ஸ் அணியின் 60 நாள் காயப் பட்டியலில் (சீசனில் 40க்குள் எண்ணப்படாத) இருந்தவர்களும் 40க்குள் வந்துவிட்டார்கள். ஏன்? ஒருவருக்கு டிஎஃப்ஏ (designated for assignment) என்று போட்டால் ஆள் போனமாதிரியா?

கொட்டாஞ்சேனை: சீசன் முடிந்தால் காயப் பட்டியலே இல்லை அண்ணை. உலகத் தொடருக்குப் (எம்எல்பி இறுதித் தொடர்) பிறகு எல்லாரும் 40க்குள் திரும்பவேணும், இடநெருக்கடி அதனால்தான். டிஎஃப்ஏ என்றால் 40இலிருந்து உடனே நீக்கம். ட்ரேடா (வேறு அணியுடன் மாற்றுவது), வேவர்ஸா (மற்ற அணிகள் கேட்டு எடுக்க விடுவது), விடுவிப்பா என்று 7 நாளுக்குள் முடிவெடுக்கவேணும். வேவர்ஸில் ஒருவரும் கேட்காவிட்டால் பெரும்பாலும் மைனர் லீக் என்ற கீழ்மட்டத்தில் அதே அணியிலேயே தொடர்வார். அவசரப்பட்டு ஆள் போய்விட்டார் என்று முடிவுகட்டாதீங்கோ.

தெஹிவளை: டிசம்பர் ரூல் 5 டிராஃப்ட்டையும் (40க்குள் இல்லாத மற்ற அணி வீரர்களை எடுக்கும் தெரிவு) கவனியுங்கோ, சுவையே அதில்தான். எடுக்கும் அணி 100,000 டொலர் கட்டி, அடுத்த சீசன் முழுக்க அவரை ஆட்டங்களுக்கான 26 பேர் அணியில் வைத்திருக்கவேணும். முடியாவிட்டால் முதலில் வேவர்ஸ், பிறகு பழைய அணிக்கே 50,000க்கு.

கொட்டாஞ்சேனை: இப்படியான முடிவுகளுக்கு நியூயோர்க்கில் மாலை 6 மணிக் கெடு என்றால் குளிர்காலத்தில் இங்கே இலங்கையில் மறுநாள் அதிகாலை 4.30. விடிந்தபின் எம்எல்பி தளத்தின் ட்ரான்சாக்‌ஷன்ஸ் (வீரர் மாற்றங்கள்) பக்கத்தைப் பார்த்தால் போதும்.