பாடநூலில் தமிழ் வரிக்குக் கீழே பிரெஞ்சு எழுத்து: அழிப்பதா, விடுவதா?

கத்ர்போர்ன் மிஸ்:
வணக்கம். மொரீஷியசில் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ்ப் பாடவேளைக்கு மட்டும் என்னிடம் வருவார்கள்.

பாதிப் பேருடைய புத்தகத்தில் ஒவ்வொரு தமிழ் வரிக்குக் கீழேயும் வீட்டில் யாரோ பென்சிலால் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 'பூ'வுக்குக் கீழே பி, ஓ, யூ. பிள்ளை கடகடவென்று வாசிக்கிறது. தமிழ் வரியை விரலால் மறைத்துப் பார்த்தேன், வாசிப்பு நிற்கவே இல்லை! கீழ் வரியை மறைத்தால்தான் வாய் அடைத்துப்போகிறது.

சொல்வதெழுதுதல் வைத்தால் பால் 'பல்' ஆகிறது, பாடம் 'படம்' ஆகிறது. ல, ள, ழ பற்றிக் கேட்கவே வேண்டாம். பெற்றோரிடம் சொன்னால், "அப்புறம் நாங்கள் வீட்டுப்பாடம் எப்படிச் சொல்லித் தருவது மிஸ்?" என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துவிடக் கை துறுதுறுக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

திரியோலே வாத்தியார்:
ரப்பரை உள்ளே வையம்மா. நீ அழித்தால் இரவே மறுபடி எழுதிவிடுவார்கள், அதுவும் பேனாவால். அட்டைப் பட்டை ஒன்று வெட்டிக் கொடு. வகுப்பில் கீழ் வரியை மூடிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். வீட்டில் எப்படியோ போகட்டும்.

பல், பால் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் பென்சில் வரிதான். குறில் நெடிலைப் பிரித்துக் காட்ட அதில் வழியில்லை. உ, ஊ இரண்டுக்கும் அதே ஓ-யூ. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. பிள்ளை பார்ப்பது அதைத்தான், அப்புறம் நெடில் எங்கிருந்து வரும்?

பாடநூலைக் கொஞ்ச நாள் மூடி வைத்துவிட்டு ட, ப, ம எடு. தமிழ்நாட்டில் ஒரு காலத்து முதல் வகுப்புப் புத்தகங்கள் அ, ஆ-வை விட்டுவிட்டு இப்படித்தான் தொடங்கின. எழுதச் சுலபம், மூன்றே எழுத்தில் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் கிடைத்துவிடும். ப, ட, ம் அட்டைகளோடு மூன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்து. நான்காவது பிள்ளை கையில் துணைக்கால். அவன் ப பக்கத்தில் வந்து நின்றால் பாடம், விலகினால் படம். வகுப்பே கத்தி வாசிக்கும். அடுத்த வகுப்பிலிருந்து புகார் வந்தால் நான் பொறுப்பில்லை.

ந, ன, ண விஷயத்தில் ரெண்டு சுழி, மூணு சுழி என்று எண்ண வைப்பதைவிட அடுத்த எழுத்தைப் பார்க்கச் சொல். ட-வுக்கு முன்னால் ண்: நண்டு, வண்டி. ற-வுக்கு முன்னால் ன்: கன்று, ஒன்று. த-வுக்கு முன்னால் ந்: பந்து. தமிழ்ச் சொல்லில் இது மாறாது. ழ-வை இந்த வயதில் சிவப்பு மையால் வட்டம் போடாதே. பழம், மழை, வாழை கண்ணுக்குப் பழகினால் போதும். 247 எழுத்தையும் ஒப்பிக்க வைப்பதில் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை.

இன்னொன்று. நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தொகை தமிழ் எழுத்தில் இருக்கிறது, தமிழ் எண்ணும் இருக்கிறது. அதற்குக் கீழே பென்சில் வரி கிடையாது. 25 ரூபாய் நோட்டைக் காட்டி, தெரிந்த எழுத்தைத் தேடச் சொல்.

ரோஸ்ஹில் அம்மா:
எங்கள் வீட்டில் அந்தப் பென்சில் வரி எழுதுகிறவர் என் வீட்டுக்காரர். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மகளோடு உட்கார வேண்டும் என்ற ஆசை. அதைத் தடுத்தால் மனசு விட்டுப்போகும். மிஸ், பாடத்தை மெதுவாக வாசித்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினால் என்ன? அவள் விரல் வைத்துக்கொண்டே கேட்பாள், அவரும் கேட்பார். அவரும் நாலு எழுத்து கற்றுக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

டர்பன் அக்கா:
நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வார இறுதியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுமொழி ஆங்கிலம், தேவாரம் பாடுவதும் ஆங்கில எழுத்தைப் பார்த்துத்தான். பாட்டுப் புத்தகத்தில் மட்டும் அந்த எழுத்தை நான் எடுக்க மாட்டேன். எடுத்தால் கோயிலில் பாட ஆள் இருக்காது. ஆனால் மனப்பாடமான வரியைத் தமிழில் அச்சடித்து, சொல் சொல்லாகக் கத்தரித்து, குலுக்கிப் போட்டு அடுக்கச் சொல்வேன். ஓசை தெரிந்ததால் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

எங்களுக்குப் பெரிய தலைவலி கொம்பு. 'கை'யை இடமிருந்து கூட்டி "ஐ, க" என்கிறார்கள். முதலில் க எழுதிவிட்டு, விட்ட இடத்தில் கொம்பைப் போட வைக்கிறேன். கை பழகியதும் வழக்கப்படி எழுதட்டும்.

கத்ர்போர்ன் மிஸ்:
எல்லோருக்கும் நன்றி. அட்டைப் பட்டை வெட்டியாகிவிட்டது, குரல் பதிவும் அனுப்பப் போகிறேன். ஐயா, இன்னொரு சந்தேகம். 'பால்', 'தம்பி' இரண்டிலும் ஏன் ஒரே ப என்று கேட்கிறார்கள். பிரெஞ்சில் அவை இரண்டு வேறு எழுத்தாயிற்றே?

திரியோலே வாத்தியார்:
விதியாகச் சொல்லாதே, ஜோடியாகக் கொடு. பத்து, பந்து. பட்டு, வண்டு. அக்கா, தங்கை. அப்பா, தம்பி. இரட்டித்தால் அழுத்திச் சொல், முன்னால் ங், ண், ந், ம் வந்தால் மெல்லச் சொல். நீ பத்து, பந்து என்று மாற்றி மாற்றிச் சொல்ல அவர்கள் சரியான அட்டையைத் தூக்க வேண்டும். எழுத வைப்பது அதற்கு அடுத்த வாரம்.