பேக்கப் பிளாட்பார்ம்: காப்புத்தளமா, சேமத்தளமா?

வணக்கம் ஐயா.

முதன்மைக் கணினித் தளம் முடங்கினால் எடுத்துப் பயன்படுத்த ஆயத்தமாக வைத்திருக்கும் வேறொரு தளத்தைத்தான் ‘பேக்கப் பிளாட்பார்ம்’ (backup platform) என்கிறோம். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த ‘காப்புத்தளம்’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பேக்கப் காப்பிக்கு (backup copy) ‘காப்புநகல்’ ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால், காப்பு என்றதுமே நகல்தான் நினைவுக்கு வருகிறது. நாம் பெயர் தேடுவதோ நகலாக இருக்கவே கூடாத ஒன்றுக்கு.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் கணினி பழுது பார்க்கும் ஓர் அலுவலகத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். அவசரத்துக்கு என்று இரண்டாவது கணினி ஒன்றை அலமாரியில் வைத்திருந்தார்கள். அதே பழைய விண்டோஸ், அதே கடவுச்சொல். ஒருநாள் ரேன்சம்வேர் (கணினியைப் பூட்டிப் பணம் கேட்டு மிரட்டும் தீய மென்பொருள்) புகுந்து முதல் கணினியைப் பூட்டியது. சரி என்று இரண்டாவதை எடுத்து அதே இணைப்பில் செருகினார்கள். அரை மணி நேரத்தில் அதன் திரையிலும் அதே மிரட்டல். மறுநாள் 15ஆம் தேதி, ஊழியர் சேமநிதிச் (EPF) சந்தா கட்டக் கடைசி நாள். கணக்காளர் அம்மா தம் மகனின் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்தார், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் போட்டது. சம்பளத் தாள்களைப் பக்கத்தில் விரித்து வைத்து அதில்தான் கட்டி முடித்தோம்.

2024 ஜூலை 19 எல்லாருக்கும் நினைவிருக்கும். கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. மேக்கும் லினக்ஸும் அன்று தப்பின. காவலுக்கு வைத்த மென்பொருளே காலை வாரும்போது, அதே மென்பொருள் ஏற்றிய விண்டோஸ் கணினி இன்னும் பத்து இருந்தும் பயனில்லை.

நம் உரையாடலில் பினாங்கு அக்கா சொன்ன ‘மாற்றுத்தளம்’ இதற்கு நெருங்கி வருகிறது. வேறுபாடு அதில் தெரிகிறது. ஆனால் லினக்ஸை ‘மாற்று இயங்குதளம்’ என்று பல ஆண்டுகளாக எழுதிவருகிறோம். அது விண்டோஸை விட்டுப் போகிறவர்களுக்கான சொல். இங்கே யாரும் எதையும் விடவில்லை.

அதனால் என் பரிந்துரை ‘சேமத்தளம்’. போர்க்களத்தில் ஏறிய தேர் முறிந்தால் ஏறிக்கொள்ள ஒன்றை ஆயத்தமாக நிறுத்தியிருப்பார்கள். அதற்குச் சேமத்தேர் என்று பெயர். நம் ஊரில் சேமநிதி தெரியாத தொழிலாளியும் இல்லை. வேறு இனமாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லுக்குள் திணித்தால் நீண்டுவிடும், அதை வரையறையில் வைப்போம்: ‘முதன்மைத் தளத்தைத் தாக்கும் குறை தன்னைத் தாக்காதபடி, வேறு இனத்தில் தேர்ந்து, ஆயத்தமாக வைத்த கணினித் தளம்.’

‘சேமிப்பகம்’ (storage) என்று குழம்பிவிடுமோ என்பதுதான் எனக்குள்ள ஒரே தயக்கம். பாடம் எடுப்பவர்கள் வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, பிள்ளைகள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுதுங்கள்.